மல்லாந்து கிடந்த பந்தயம்

சுருளி முதலில் மூக்கைச் சிந்துவார். வெற்றிலைச் சக்கையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தெப்பக்குளத்தின் தென்கரைப் படிகளில் இறங்குவார். தண்ணீர் மார்பைத் தொட்டதும் நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் சாய்கிறவரைப் போலப் பின்னால் சாய்வார். கால் கட்டைவிரல் இரண்டும் மேலே வரும், மூக்கு வரும், மீசையில் பாதி வரும். மிச்சச் சுருளி தண்ணீருக்குள். அதன்பிறகு அவர் ஒன்றுமே செய்யமாட்டார். அந்த ஒன்றும் செய்யாமைதான் இந்த ஜன்மத்தில் தாம் கற்ற வித்தை என்று சொல்லிக்கொள்கிறார்.

காலை ஷிப்டுக்கு மில் ஆட்கள் போகும்போது மல்லாந்தால், அவர்கள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பும்போதும் அப்படியே கிடப்பார். பழகிய ஜனங்கள் பக்கத்திலேயே துணி துவைத்துக் கொண்டிருப்பார்கள். அழகர்கோவிலுக்கு வந்த கையோடு குளத்தையும் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள்தான் அலறுவார்கள். கரையில் கூட்டம் கூடி எட்டிப் பார்ப்பதைக் கடைக்கண்ணில் கண்டால், சுருளி அசையாமலேயே வாயை மட்டும் திறப்பார்.

"பொணம் இல்லீங்க. பொணம் இம்புட்டு நேரா மிதக்காது. அது குப்புறக் கிடக்கும்."

ஆள் ஒடிசல். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இப்படிப்பட்ட உடம்பு தண்ணீர்மேல் நிற்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சுருளியின் உடம்பும் நிற்காதுதான். மூச்சைப் பிடித்து மார்பில் தேக்கி, கொஞ்சமாக விட்டு, விட்டதை உடனே வாங்கி, அப்படித்தான் நிறுத்துகிறார். கரையில் இருப்பவனுக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும். உள்ளே ஒரு துருத்தி ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

பிழைப்பு வேறே. கிணற்றில் விழுந்த குடம், வாளி, கொலுசு, ஒரு தடவை ஒரு நாதசுரம், இவற்றை முங்கி எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். அனுப்பானடியிலிருந்து அவனியாபுரம் வரைக்கும் அவர் இறங்காத கிணறு இல்லை. பொருள் உள்ளே கிடக்கும்வரை, "வாங்க சுருளி, இளநி சாப்பிடுறீகளா?" பொருள் மேலே வந்துவிட்டால், "ஏய்யா, சொட்டச் சொட்டக் கூடத்துல நிக்காத, பின்னாடி போ." ஊர் அவருக்குக் கூலி கொடுப்பது முங்குவதற்கு. அவர் பெருமைப்படுவது மிதப்பதில். உலகத்தில் உழைக்கிறவன் பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

அவர் மனசில் முள்ளாக இருந்தது ஒரு நோட்டீஸ்.

தைமாசத் தெப்பத்துக்காக வைகையிலிருந்து விட்ட தண்ணீர் குளத்தில் நிறைந்திருக்கும் மாசி மாதத்தில், வட்டாரத்துத் தேகாப்பியாச சபை வருஷா வருஷம் ஒரு விழா நடத்தும். மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ் அடிப்பார்கள். அதில் இரண்டு தலைப்பு. ஒன்று 'போட்டிகள்': ஓட்டம், நீச்சல், கல் தூக்குதல், சைக்கிளை மெதுவாக ஓட்டுதல். இன்னொன்று 'வேடிக்கைகள்'. சுருளி வேடிக்கையில் இருந்தார். அவருக்கு மேலே கரடி. அவருக்குக் கீழே நெருப்பு விழுங்குகிறவன்.

"கரடிக்குப் பொறவு நானாம்" என்பார், பார்க்கிறவர்களிடம் எல்லாம். "கரடி சலாம் போடுது. நான் என்ன சலாமா போடுறேன்?"

நோட்டீஸ் எழுதுவது சத்தியசீலன் வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக் கொடுக்கிறவர். கழுத்தில் விசில், மடிப்புக் கலையாத அரைக்கால் சட்டை, கையில் ஒரு பெரிய கடிகாரம். பொய் சொல்லமாட்டார். ஆகையால் அவரிடம் எந்த ஆறுதலும் கிடைக்காது. ஒரு நாள் சுருளி அவரைக் கரையில் மடக்கினார்.

"வாத்தியாரய்யா, சைக்கிளை மெதுவா ஓட்டுறவன் போட்டி. அசையாமக் கிடக்கிறவன் வேடிக்கையா? என்னைவிட எவன் மெதுவா இருக்கான், சொல்லுங்க."

"எதிராளி எங்கே, சுருளி?"

"என்னத்துக்கு எதிராளி? நான் தனியாத்தான மிதக்கேன்."

"ஓட்டத்திலேயும் அவனவன் தனியாத்தான் ஓடுறான். அடுத்தவன் காலை அவன் இரவல் வாங்க முடியாது. ஆனா பக்கத்துல இன்னொருத்தன் மூச்சு கேக்கணும். அது கேட்டாத்தான் போட்டி. கேக்காட்டி நீ உடம்புக்குக் கசரத்து பண்றே, அம்புட்டுதான்."

"தண்ணிக்குள்ள காதை விட்டுட்டா எவன் மூச்சுங்க கேக்கும்?"

"அது உன் பாடு. இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வா. ரெண்டு பேர் மிதந்து ஒருத்தன் தோத்தா, அதைப் போட்டியில சேக்கலாமான்னு தலைவர்கிட்ட நானே கேக்குறேன்."

சபைத் தலைவர் ஒரு பெரிய வக்கீல். தோற்றவனைக் கண்ணால் பார்க்காமல் எதையும் போட்டி என்று ஒப்புக்கொள்ளமாட்டார். சுருளிக்கு வேண்டியது இப்போது ஒன்றே ஒன்றுதான். தோற்பதற்கு ஓர் ஆள்.

அது கிடைப்பதாக இல்லை. கல் தூக்குவதில் பேர் வாங்கிய காளையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தார். காளை மல்லாந்த வேகத்தில் கால் கீழே போயிற்று, இடுப்பு போயிற்று, கடைசியில் குடுமி போயிற்று. எழுந்து நின்று இருமிக்கொண்டே, "எனக்குச் சதை பூரா இரும்புண்ணே" என்று அதையும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். மில்லில் வேலை பார்க்கும் முத்திருளன் நன்றாக நீந்துவான். ஆனால் கையைக் காலை அசைக்காமல் இருக்கச் சொன்னால் அவனால் முடியவில்லை. நாள் பூரா மிஷினோடு ஆடிய உடம்பு. "சும்மா கெடன்னு சொன்னா பயமா இருக்குண்ணே, மேஸ்திரி பாத்துருவானோன்னு" என்றான்.

மேலூரிலிருந்து வெல்ல மூட்டை ஏற்றி வருகிற தரகர் மொக்கையன் வந்து சேர்ந்தது தற்செயல். நல்ல பாரியான ஆள். வண்டியில் அவர் ஏறினால் மாடு திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் கால் கழுவக் குளத்துக்கு வந்தவர், பாசிப் படியில் வழுக்கி, கையில் பிடித்த குடையோடு உள்ளே விழுந்தார். பெண்கள் கூச்சல் போட்டார்கள். சுருளி ஓடிவந்து தண்ணீரில் குதித்தார். குதித்தவர் தூக்கப் போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மொக்கையன் முங்கவில்லை. முங்குகிற உத்தேசமே அந்த உடம்புக்கு இல்லை. குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, தாம் ஏன் இன்னும் சாகவில்லை என்ற ஆச்சரியத்தோடு மிதந்தார்.

"மாப்ள, அப்படியே இரு! அசையாத!" சுருளி கத்தினார். "எந்த ஊரு சாமி நீ?"

"தூக்கி விடுங்கண்ணே முதல்ல."

"தூக்குறேன், தூக்குறேன். மாசி விழாவுல எங்கூட மிதக்க வருவியா?"

"அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்யக் கூடாது."

மொக்கையன் கொஞ்சம் யோசித்தார். அவர் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வேலைக்கு யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. "அப்ப வாரேன்" என்றார்.

எதிராளி கிடைத்த சந்தோஷம் சுருளிக்கு ஒரு வாரம் நீடித்தது. ஒத்திகைக்கு வந்த மொக்கையன் தண்ணீரில் சாய்ந்ததும் குறட்டை விட்டார். நிஜமான குறட்டை. மூச்சுப் பிடிக்கிற வேலை அவருக்கு இல்லை. கணக்கு இல்லை. குளத்து நடுவே இருக்கிற மண்டபம் போதாதென்று, தொந்தி இன்னொரு மண்டபம் போலத் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த சுருளி அதையே எண்ணினார். எண்ணிய மாத்திரத்தில் கால் கீழே போயிற்று.

மறுநாளும் போயிற்று. அதற்கு மறுநாளும். இத்தனை வருஷமாக இந்தக் குளத்தில் அவரை முங்க வைத்தவர் யாரும் இல்லை. தண்ணீரே அந்தத் துணிச்சலுக்கு வந்ததில்லை. இப்போது மொக்கையன் மேலூரில் தம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே சுருளி முங்கினார். ஜெயிக்க வேண்டும் என்று உடம்பை இறுக்கினார். இறுக்கிய உடம்பைத் தண்ணீர் ஏந்தவில்லை.

அவர் வீட்டுக்காரி அன்னக்கொடி கரையில் மொச்சை அவித்து விற்கிறவள். கூடையை விட்டு எழுந்திருக்காமலே சொல்வாள்.

"ஒத்தையில கெடந்தப்ப ராசா மாதிரி கெடந்தீக. இப்ப புளிமூட்டை மாதிரி அடியில போறீக. உங்களுக்கு இது தேவையா? எங்கேயோ போன மனுசனை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டு, என்னைத் தோக்கடின்னு சொன்ன ஆளு ஊருல நீங்க ஒருத்தர்தான்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்குப் பேருதான் போட்டி."

"நல்ல போட்டி. காச்சல் வந்த மாதிரி இருக்கீக."

ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. கரையில் நின்ற யாரோ ஒரு விஷமி வேண்டுமென்றே பெரிய குச்சியை ஆட்டிக் காட்டி, வாயை அகலமாகத் திறந்து, "பாம்பு!" என்று அபிநயம் பிடித்தான். சுருளி துள்ளி எழுந்தார். மொக்கையன் தூக்கத்தில் இருந்ததால் தப்பித்தார். அன்றைக்கே சுருளி வாத்தியாரிடம் போய் ஒரு சட்டம் கேட்டு வாங்கினார். பந்தயத்தில் இருப்பவர்களைத் தவிர யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மிதக்கிறவனை யாரும் தொடக் கூடாது. கல் எறியக் கூடாது. அவனுக்கு எதையும் சொல்லவும் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. அதிலும் 'எதிராளி எழுந்திரிச்சிட்டான்' என்று சொல்லவே கூடாது. மீறினால் பந்தயம் ரத்து.

"அந்த வார்த்தையைச் சொல்லித்தான் எழுப்பி விடுவானுக, வாத்தியாரய்யா. எனக்குத் தெரியாதா? போட்டின்னா போட்டி மாதிரி இருக்கணும்."

சத்தியசீலன் அதை அப்படியே எழுதி, சுருளியிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். சட்டம் எழுதுவது என்றால் அவருக்குப் பாயசம் சாப்பிடுகிற மாதிரி.

விழா நாள் வந்தது. காலையிலேயே கரை நிறைந்துவிட்டது. மார்பளவு தண்ணீரில், ஒருவர் கால் இன்னொருவர் மேல் படாதபடி, ஒருவர் இன்னொருவர் கண்ணிலும் படாதபடி தள்ளித் தள்ளி இருவரையும் நிறுத்தினார்கள். தரையில் கால் ஊன்றினால் தோல்வி. கையைத் துழாவினால் தோல்வி. விசில் ஒலித்தது. மொக்கையன் சாய்ந்தார். சுருளி சாய்ந்தார்.

தண்ணீருக்குள் காது போனதும் ஊர் அணைந்துவிடும். மேளம் இல்லை, கூச்சல் இல்லை. வானம் மட்டும் இருக்கும். அப்புறம் ஒரு சத்தம் மெல்ல எழும்பும். உஸ்... உஸ்... என்று, பட்டறைத் துருத்தி போல. சுருளி எத்தனையோ வருஷமாக மிதக்கிறார். அந்தச் சத்தத்தை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. கவனிப்பதற்குக் காரணம் இருந்ததில்லை. இன்று கவனித்தார். உடனே தெரிந்துகொண்டார்: மொக்கையன் மூச்சு.

வாத்தியார் சொன்னது சரிதான். எதிராளியின் மூச்சு கேட்கிறது.

அவருக்குப் பயம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத தொந்தியைப் பற்றி நினைக்கிறபோதுதான் கால் கீழே போயிற்று. இப்போது எதிராளி காதுக்குள்ளேயே இருந்தான். அவன் மூச்சு வேகமாக ஓடினால் இவர் மூச்சை மெதுவாக்கினார். என்ன ஆச்சரியம், அவனும் மெதுவாக்கினான். 'நீ அப்படியா மாப்ள, பாக்குறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் மெதுவாக்கினார். அவனும் விட்டுக் கொடுக்கவில்லை. இப்படி ஒரு எதிராளி தமக்குக் கிடைப்பான் என்று சுருளி கனவிலும் நினைத்ததில்லை.

அந்த எதிராளி அப்போது கரையில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். காது அடைத்துக் கிடப்பவனுக்கு மூக்குதான் மிச்சம். விசில் ஊதிக் கொஞ்ச நேரத்திலேயே கிழக்குக் கரையில் வடைச் சட்டி ஏறிவிட்டது. காற்று அதைக் குளத்தின் மேல் கொண்டு வந்தது. மொக்கையன் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். இரண்டாவது தடவை உறிஞ்சும்போது எழுந்து நின்றுவிட்டார். "தோத்துட்டேன்யா. எங்க போடுறான் வடை?" என்று கேட்டபடியே படி ஏறினார். கூட்டம் ஓவென்று சிரித்தது. சுருளி ஜெயித்துவிட்டார் என்று துண்டை வீசியெறிந்தது.

ஜெயித்தவருக்குத் தெரியவில்லை. அவருக்கும் வடை வாசனை வந்தது. 'இந்த வாசனையிலும் அசையாமக் கிடக்கானே, இவன் மனுசனா?' என்று எண்ணி, மூச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்தார்.

கூப்பிட்டார்கள். காது தண்ணீரில். கையை ஆட்டலாம் என்றால் அது ஜாடை. அன்னக்கொடி கூடையை வைத்துவிட்டு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு படி இறங்கினாள். வாத்தியார் குறுக்கே வந்து நின்றார்.

"இறங்காதீங்கம்மா. இறங்கினா பந்தயம் ரத்து. அவர் ஜெயிச்சதும் ரத்து."

"யாரு சொன்ன சட்டம்?"

"அவர் சொன்னதுதான். கைநாட்டு இருக்கு."

"கைநாட்டு வச்ச மனுசன் வெந்துபோய்க் கெடக்காரு. அவரா எப்ப எந்திரிப்பாரு?"

"எதிராளி எழுந்திரிச்சாச்சுன்னு தெரியும்போது."

"அது எப்படித் தெரியும்?"

"யாராவது சொன்னாத்தான்." சத்தியசீலன் இதைச் சொல்லிவிட்டுக் கழுத்து விசிலைத் திருகினார். தாம் எழுதிய சட்டம் எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். ஆனால் அவர் எழுதிய சட்டம் அவர் எழுதிய சட்டம்தான்.

மத்தியானம் ஆயிற்று. வெயில் தலைக்கு மேலே வந்து சுருளியின் முகத்தில் இறங்கியது. கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. அசையாத மனிதரை எவ்வளவு நேரம் பார்ப்பது? சிரித்து முடித்தவர்கள் கரடியைப் பார்க்கப் போனார்கள். தடியடிக்குக் கலையாத கூட்டம்கூட அலுப்புக்குக் கலையும். தென்கரையில் கடைசியில் வாத்தியாரும் அன்னக்கொடியும் மொக்கையனும்தான் மிஞ்சினார்கள். சுருளியின் உதடு கருத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. முன்பெல்லாம் அது தெரிவதே இல்லை.

"ஒரு வடைக்கு எங்க வீட்டு மனுசனைப் பலி குடுத்துட்டியே, நல்லா இருப்பியா?" என்றாள் அன்னக்கொடி.

மொக்கையன் வேட்டி முனையில் கையைத் துடைத்தார். அவர் சாப்பிட்டது ஒரு வடை அல்ல. ஆனால் எதுவும் செரிக்கவில்லை. வெயில் சாயும்வரை குடையை விரித்தார், மடக்கினார். வாத்தியாரிடம் வந்தார்.

"அய்யா, தலைவர் வர்ற நேரம் ஆச்சுல்ல? அவருகிட்ட என்ன சொல்லுவீக?"

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். விசில் ஊதின சூட்டோட நீங்க எழுந்திரிச்சதைச் சொன்னா, 'இது என்ன போட்டி, பழையபடி கரடிக்குப் பக்கத்துல போடு'ன்னு சொல்லிருவாரு. கேக்காட்டி, நானா போய்ச் சொல்லணும்னு எந்த வேதத்திலயும் எழுதலை."

மொக்கையன் குளத்தைப் பார்த்தார். "பந்தயத்துல இருக்கிறவுக தண்ணில இறங்கலாமுல்ல?"

"இறங்கலாம்."

"நான் பந்தயக்காரன்தான?"

"தோத்த பந்தயக்காரர்."

"தோத்தவன் திரும்ப இறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

வாத்தியார் காகிதத்தை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பிக்கூடப் பார்த்தார். "எழுதலை" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "ஆனா அவரைத் தொடக் கூடாது. எதுவும் சொல்லக் கூடாது."

"ஒண்ணும் சொல்லப் போறதில்லைங்க. தோக்கப் போறேன்."

"ஏற்கனவே தோத்தாச்சேய்யா."

"அது உங்களுக்குத் தெரியத் தோத்தது. அவரு பாக்கத் தோக்கலைல்ல?"

மொக்கையன் இறங்கினார். சாய்ந்தார். கையைத் துழாவாமல், காலைக் கொண்டு அடியில் மெல்ல உந்தி உந்தி, வெல்லம் ஏற்றிய பரிசல் போலச் சுருளியை நோக்கி நகர்ந்தார்.

சுருளிக்கு அப்போது வானம் மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்தது. முதுகுத்தண்டு இரண்டாகப் பிளப்பது போலிருந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் காதுக்குள் அந்த மூச்சு கேட்டது. திணறுகிறது. இழுக்கிறது. ஆனால் நிற்கவில்லை. 'அவனுக்கும் முடியல, கேட்டியா? முடியல. இன்னும் கொஞ்சம்.' எதிராளி திணறத் திணறச் சுருளிக்குத் தெம்பு வந்தது.

கடைக்கண்ணில் ஒரு தொந்தி நுழைந்தது. பக்கத்தில் வந்து நின்றது. அப்புறம் குளமே பொங்குவது போல ஒரு கலவரம். மொக்கையன் கையை அடித்தார், காலை அடித்தார், நிஜமாகவே ஒரு வாய் தண்ணீர் குடித்தார், இருமினார். எழுந்து நின்றார். சூரியனை மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

சுருளி உடனே எழுந்திருக்கவில்லை. சொல்வதை நம்பக் கூடாது என்று வைத்திருந்தாரே தவிர, நிற்கிற ஆளை நம்பக் கூடாது என்று வைக்கவில்லை. இருந்தாலும் இன்னும் ஒரு மூச்சு, நிச்சயத்துக்காக, பிடித்துவிட்டார். பிறகுதான் காலை ஊன்றினார். கால் மடங்கிற்று. மொக்கையன் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கினார்.

"மாப்ள..." சுருளிக்குப் பல் தந்தியடித்தது. சிரித்தார். "நீ பெரிய ஆளுடா. சாதாரண ஆளு இல்லை. காலையிலிருந்து உன் மூச்சைக் கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

"என் மூச்சையாண்ணே?"

"எங்கே விட்டுக் குடுத்தே? நான் அமுக்க அமுக்க நீயும் அமுக்குனியே. கடைசியில திணறுனே பாரு, அப்பத்தான் எனக்கே தெம்பு வந்துச்சு."

மொக்கையன் கரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "உங்களுக்கு ஈடு குடுக்க முடியலண்ணே" என்றார்.

"அந்த வடை வாசத்துக்குக்கூட நீ அசையலையே!"

மொக்கையன் அவரைப் படியை நோக்கித் திருப்பினார்.

படி ஓரம் வரைக்கும் அவரைத் தாங்கிக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் ஏற்றுவதற்காகக் கையை நீட்டினார். சுருளி பிடித்தார். பிடித்த கையை விடாமல் நின்றார். சுருளியின் விரல் பத்தும் வெளுத்து, ஊறி, சுருக்கம் சுருக்கமாகச் செத்துப்போன தோலாக இருந்தன. அந்தச் சுருக்கத்துக்கு நடுவே மொக்கையனின் விரல்கள் கொழுகொழுவென்று, மழமழவென்று, ஒரு கோடும் இல்லாமல் இருந்தன. நகக்கண்ணில் மட்டும் எண்ணெய் மினுங்கிற்று.

சுருளி ஒரு விரலைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கரையை அண்ணாந்து பார்த்தார். அன்னக்கொடி மொச்சைக் கூடையில் எதையோ தேடினாள். வாத்தியார் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். ஏற்கெனவே கொடுத்த சாவிதான்.

மேலே ரோட்டில் மோட்டார் வந்து நின்றது. சரிகைத் தலைப்பாகையும் கோட்டுமாகத் தலைவர் இறங்கினார். வாத்தியார் விறைத்து நின்றார்.

"எங்கேய்யா அந்த ரெண்டு பேரும்? பொழுது சாயிற வரைக்கும் கிடந்தாங்களாமே!" என்று கேட்டுக்கொண்டே, துரைமார் செய்கிறபடி குலுக்குவதற்குக் கையை முன்னாலேயே நீட்டிக்கொண்டு, படி ஒவ்வொன்றாகக் கீழே வந்தார்.

"இந்தா இருக்கோமுங்க" என்றார் சுருளி. கடைசிப் படியில் உட்கார்ந்தார். மொக்கையனையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவருடைய சுருங்காத வலது கையை எடுத்து, மணிக்கட்டு முங்கத் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே வரவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டார்.